மூன்று நூற்றாண்டுகளைக் கண்ட மூதாட்டி

நூறாண்டு வாழ்க என்று பெரியவர்கள் நம்மை வாழ்த்துவது வழக்கம். அந்த வாழ்த்து அப்படியே பலிப்பது மிக அரிது. இத்தாலி நாட்டைச் சேர்ந்த எம்மா மொரானோ என்னும் பெண்மணியோ நூறாண்டுகளைக் கடந்து, அதற்கு மேலும் பதினேழு ஆண்டுகள் வாழ்ந்தார். 1899ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் பிறந்த அவர், 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 117 ஆண்டுகளும் 137 நாள்களும் ஆகும். 1900ஆம் ஆண்டுக்கு முன்னர்ப் பிறந்தவர்கள் எனச் சான்றுகளால் உறுதிசெய்யப்பட்டவர்களுள் கடைசியாக மறைந்தவர் அவரே.

உலக நாளேடுகள் அவரைப் பற்றி எழுதியபோதெல்லாம் இரண்டு செய்திகளைத் தவறாமல் குறிப்பிட்டன. ஒன்று, அவருடைய வயது. மற்றொன்று, அவர் நாள்தோறும் உண்ட முட்டைகள். அவரது வாழ்க்கையில் இவற்றைவிட முக்கியமான ஒரு நிகழ்ச்சி உண்டு. நாற்பது வயதை நெருங்கியபோது அவர் துணிந்து எடுத்த ஒரு முடிவே அது. அந்த முடிவின் அருமையை உணர வேண்டுமானால், அவர் பிறந்த காலத்திலிருந்து நாம் தொடங்க வேண்டும்.

மலைநாட்டில் பிறந்த மூத்த மகள்

இத்தாலியின் வடமேற்கில், ஆல்ப்ஸ் மலைத்தொடரை ஒட்டிப் பியட்மான்ட் என்னும் மாநிலம் அமைந்துள்ளது. அங்குள்ள செசியா பள்ளத்தாக்கில் சிவியாஸ்கோ என்ற சிற்றூரில் எம்மா பிறந்தார். பெற்றோருக்கு எட்டுப் பிள்ளைகள். அவர்களுள் ஐவர் பெண்கள், மூவர் ஆண்கள். எம்மாவே எல்லாருக்கும் மூத்தவர்.

அவர் பிறந்தபோது இத்தாலி ஒரே நாடாக இணைந்து நாற்பது ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. முதலாம் உம்பெர்த்தோ மன்னர் நாட்டை ஆண்டுகொண்டிருந்தார். விமானம் வானில் பறக்க இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. அதே 1899ஆம் ஆண்டில்தான் பியட்மான்டின் தலைநகரான தூரினில் ஃபியட் மகிழுந்து நிறுவனம் தொடங்கப்பட்டது. காற்பந்து விரும்பிகளுக்கு ஒரு சுவையான செய்தியும் உண்டு. எம்மா பிறந்த அதே நாளில்தான் ஸ்பெயின் நாட்டில் பார்சலோனா காற்பந்துக் கழகம் தோற்றுவிக்கப்பட்டது.

தந்தையின் வேலையை முன்னிட்டுக் குடும்பம் ஒஸ்ஸோலா பள்ளத்தாக்கிற்குக் குடிபெயர்ந்தது. அவ்விடத்துத் தட்பவெப்பநிலை எம்மாவின் உடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மிதமான தட்பவெப்பம் உள்ள இடத்தில் வாழுமாறு மருத்துவர் அறிவுறுத்தினார். எனவே, மஜ்ஜோரே ஏரிக்கரையில் உள்ள பல்லன்சா என்னும் ஊருக்கு அவர்கள் வந்து சேர்ந்தனர். பின்னர், 1939ஆம் ஆண்டில் பல்லன்சாவும் அண்டை ஊரான இன்த்ராவும் இணைந்து வெர்பானியா என்னும் நகரமாயின. உடல்நலம் குன்றிய பெண் என்று கருதப்பட்ட எம்மா, தம் எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் அந்த ஏரிக்கரையிலேயே கழித்தார்.

சணல் ஆலையும் நடனக் கூடமும்

தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த மூத்த பிள்ளைகள் நெடுங்காலம் பள்ளியில் படிக்க வாய்ப்பில்லாத காலம் அது. எம்மாவும் இளம்வயதிலேயே சணல் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்நாளில் உலகிற்கு வேண்டிய சணலின் பெரும்பகுதி வங்காளத்தில் விளைந்தது. கப்பலேறி வந்த அந்த நாரை ஐரோப்பிய ஆலைகள் நூலாக நூற்றுச் சாக்குகளாக மாற்றின. தானியம், காப்பிக்கொட்டை, சர்க்கரை போன்றவற்றைக் கப்பலில் அனுப்பச் சணல் சாக்குகளே பயன்பட்டன. எனவே, அத்தகைய ஆலைகளில் வேலைக்குக் குறைவில்லை. ஆயினும், நாள் முழுவதும் இயந்திரங்களின் இரைச்சலுக்கும் சணல் தூசிக்கும் இடையே நின்று உழைக்க வேண்டும்.

கடினமான உழைப்பு எம்மாவின் உற்சாகத்தைக் குறைத்துவிடவில்லை. அவருக்கு இனிய குரல் வாய்த்திருந்தது. பாடுவதிலும் ஆடுவதிலும் அவருக்குக் கொள்ளை ஆசை. தாய்க்குத் தெரியாமல் தங்கையருடன் நடனக் கூடத்திற்குச் செல்வாராம். செய்தி தெரிந்ததும் தாய் கையில் பிரம்புடன் தேடி வந்துவிடுவாராம். நூறு வயதைக் கடந்த பிறகும் இந்தக் குறும்புகளை அவர் மகிழ்ச்சியுடன் நினைவுகூர்ந்தார்.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1915ஆம் ஆண்டு மே மாதம் இத்தாலி முதலாம் உலகப் போரில் இறங்கியது. மூன்றரை ஆண்டுகள் நீடித்த அந்தப் போரில் இத்தாலிய வீரர்கள் இலட்சக்கணக்கில் மாண்டனர். எம்மாவின் மனத்திற்கு இனிய இளைஞர் ஒருவரும் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். அவர் எம்மாவிடம் திரும்பி வரவே இல்லை.

போர் முடிந்த காலத்தில் எம்மாவுக்கு ஏறத்தாழ இருபது வயது. அவருக்கு இரத்தச் சோகை இருப்பதைக் கண்டறிந்த மருத்துவர், நாளொன்றுக்கு மூன்று முட்டைகள் உண்ணுமாறு கூறினார். இரண்டைப் பச்சையாகவும் ஒன்றைச் சமைத்தும் எம்மா உண்ணத் தொடங்கினார். ஒரு மருத்துவர் கூறிய அந்த எளிய அறிவுரையை அவர் தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கடைப்பிடித்தார்.

விருப்பமில்லாத திருமணம்

1926ஆம் ஆண்டில் எம்மாவுக்குத் திருமணம் நடந்தது. அது அவர் விரும்பி ஏற்ற திருமணம் அன்று. மணக்க மறுத்தால் கொன்றுவிடுவதாக அந்த ஆடவர் மிரட்டியதால்தான் தாம் இணங்க நேரிட்டதாகப் பின்னாளில் எம்மாவே தெரிவித்தார். மிரட்டலில் தொடங்கிய மணவாழ்க்கை வன்முறையில் தொடர்ந்தது. கணவர் அவரை அடித்துத் துன்புறுத்தினார்.

1937ஆம் ஆண்டில் அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அக்குழந்தை ஆறு மாதங்களே உயிர் வாழ்ந்தது. எம்மாவுக்குப் பிறந்த ஒரே குழந்தை அதுதான். மகனை இழந்த துயரம் ஒருபுறம். கணவரின் கொடுமை மறுபுறம். இவ்விரண்டுக்கும் இடையே சிக்கித் தவித்த எம்மா, 1938ஆம் ஆண்டில் தம் வாழ்வின் மிகப் பெரிய முடிவை எடுத்தார். அவர் கணவரை வீட்டை விட்டு வெளியேற்றினார். அன்று முதல் தனியாக வாழத் தொடங்கினார்.

இன்று இதனைப் படிக்கும் நமக்கு, துன்புறுத்தும் ஒருவரை விட்டுப் பிரிவதில் என்ன வியப்பு இருக்கிறது என்று தோன்றலாம். 1938ஆம் ஆண்டின் இத்தாலியை மனத்தில் நிறுத்திப் பார்த்தால்தான் அதன் கடினம் புரியும்.

அப்போது முசோலினியின் பாசிச அரசு நாட்டை ஆண்டுகொண்டிருந்தது. நிறையப் பிள்ளைகளைப் பெற்றுத் தருவதே பெண்களின் முதற்கடமை என்பது அவ்வரசின் கொள்கை. திருமணம் செய்துகொள்ளாத ஆண்களுக்குத் தனி வரி விதிக்கப்பட்டது. பிள்ளைகளை அதிகமாகப் பெற்ற தாய்மார்களுக்குப் பரிசும் பாராட்டும் வழங்கப்பட்டன. நாட்டில் மணமுறிவுச் சட்டம் இல்லை. சமயமும் மணமுறிவை ஏற்கவில்லை. குடும்பத்தின் தலைவர் கணவரே என்று சட்டம் கூறியது. நாட்டின் தேர்தலில் வாக்களிக்கும் உரிமைகூடப் பெண்களுக்கு இல்லை. கணவரைப் பிரிந்த பெண்ணை ஊரார் இரக்கத்துடன் பார்ப்பதைவிடக் குற்றவாளியைப் போல் பார்ப்பதே வழக்கமாக இருந்தது.

அத்தகைய சூழலில், பிள்ளையும் இல்லாமல், கணவரும் இல்லாமல் ஓர் ஆலைத் தொழிலாளி தனித்து வாழத் துணிந்தார். அவருக்குத் துணையாக இருந்தது அவருடைய உழைப்பு மட்டுமே. சணல் ஆலையில் பெற்ற ஊதியம் அவருக்குச் சோறு போட்டது. பிறர் கையை எதிர்பாராமல் தம் வாழ்க்கையைத் தாமே நடத்தும் உரிமையையும் அதுவே தந்தது.

சட்டத்தை முந்திய வாழ்க்கை

அடுத்த ஆண்டே இரண்டாம் உலகப் போர் மூண்டது. போரின் இறுதிக் காலத்தில் வட இத்தாலி ஜெர்மானியப் படையின் பிடியில் இருந்தது. மலைகளில் மறைந்திருந்த விடுதலைப் போராளிகள் அப்படையை எதிர்த்துப் போரிட்டனர். 1944ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள், வெர்பானியாவைச் சேர்ந்த ஃபொன்டோத்தோச்சே என்னும் இடத்தில் போராளிகள் 42 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அமைதியான அந்த ஏரிக்கரையும் போரின் கொடுமையிலிருந்து தப்பவில்லை.

போர் முடிந்ததும் இத்தாலி மாறத் தொடங்கியது. 1946ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள், மன்னராட்சி வேண்டுமா குடியரசு வேண்டுமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. நாடு தழுவிய வாக்கெடுப்பில் இத்தாலியப் பெண்கள் முதன்முறையாகப் பங்கேற்றது அன்றுதான். மக்கள் குடியரசைத் தேர்ந்தெடுத்தனர். அப்போது எம்மாவுக்கு வயது 46.

மற்ற மாற்றங்கள் இன்னும் மெதுவாகவே வந்தன. மணமுறிவை அனுமதிக்கும் சட்டம் 1970ஆம் ஆண்டு டிசம்பரில் இயற்றப்பட்டது. அதனை நீக்க வேண்டும் என்று சிலர் போராடியதால், 1974இல் மீண்டும் மக்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. பெரும்பான்மையினர் சட்டம் நீடிக்க வேண்டும் என்றே வாக்களித்தனர். கணவனும் மனைவியும் குடும்பத்தில் சம உரிமை உடையவர்கள் என்று கூறும் சட்டம் 1975இல் வந்தது. எம்மா தம் வீட்டில் 1938இல் எடுத்த முடிவின் நியாயத்தை நாட்டின் சட்டம் ஏற்றுக்கொள்ள முப்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று.

பிரிந்து வாழ்ந்தபோதிலும், 1978இல் கணவர் இறக்கும் வரை சட்டத்தின் பார்வையில் எம்மா அவருடைய மனைவியாகவே இருந்தார். பிற்காலத்தில் அவரை மணக்க விரும்பியவர்களும் இருந்தார்கள். அவர் எவருக்கும் இணங்கவில்லை. மீண்டும் ஒருவருடைய ஆதிக்கத்தின்கீழ் வாழ அவர் விரும்பவில்லை.

1954ஆம் ஆண்டு வரை சணல் ஆலையில் உழைத்த எம்மா, பிறகு பல்லன்சாவில் உள்ள சாந்தா மரியா என்னும் தங்கும் பள்ளியின் சமையலறையில் பணியாற்றினார். அறுபது வயதிலேயே ஓய்வை எதிர்பார்ப்போர் பலர். எம்மாவோ 75 வயது வரை அங்கு மாணவர்களுக்குச் சமைத்தார். அதன்பின் ஓய்வு பெற்ற அவருக்கு இன்னும் நாற்பத்திரண்டு ஆண்டுகள் மிஞ்சியிருந்தன.

நீண்ட ஆயுளின் இரகசியம் என்ன?

ஒருவர் நூற்றுப் பத்து வயதைக் கடந்துவிட்டார் என்றால், ஆய்வாளர்கள் அதனை உடனே நம்பிவிடுவதில்லை. வயதைக் கூட்டிச் சொல்வோரும் உண்டு. பெயர்க் குழப்பத்தால் ஒருவரை இன்னொருவராகக் கருதுவதும் உண்டு. ஆகவே, பிறப்புப் பதிவு, திருமணப் பதிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு போன்ற பழைய ஆவணங்களைத் தேடி, அவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று சரிபார்ப்பார்கள். எம்மாவின் வயது இவ்வாறு உறுதிசெய்யப்பட்டது.

2016ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்காவில் வாழ்ந்த சுசானா முஷாட் ஜோன்ஸ் தமது 116ஆம் வயதில் மறைந்தார். அவருக்குப் பிறகு, உலகில் உயிருடன் வாழ்பவர்களுள் மிக மூத்தவர் என்னும் பெருமை எம்மாவைச் சேர்ந்தது. உலகெங்கிலுமிருந்து செய்தியாளர்கள் அவரது சிறிய வீட்டைத் தேடி வந்தனர். அனைவரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். நீண்ட ஆயுளின் இரகசியம் என்ன என்பதே அக்கேள்வி.

பலர் முட்டைதான் விடை என்று எழுதினர். எம்மா காய்கறிகளையும் பழங்களையும் மிகக் குறைவாகவே உண்டவர். அவர் உண்ட முறை, இன்று மருத்துவர்கள் பரிந்துரைக்கும் உணவுமுறைக்குப் பெரிதும் மாறுபட்டது. பச்சை முட்டையில் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால், அதனை உண்பது பாதுகாப்பானதும் அன்று. ஒரே ஒருவரின் பழக்கத்தைக் கொண்டு எல்லாருக்கும் பொருந்தும் முடிவுக்கு வருவது அறிவியல் முறையாகாது. முட்டை உண்ட கோடிக்கணக்கானோர் நூறு வயதை எட்டவில்லை என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆய்வாளர்கள் வேறொன்றைக் கவனித்தனர். எம்மாவின் தாயும் உடன்பிறந்தோர் சிலரும் தொண்ணூறு வயதை எட்டியவர்கள். தங்கையருள் ஒருவர் நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தார். ஆகவே, பரம்பரையாக வந்த உடல்கூறு அவருக்குப் பெரிதும் துணைசெய்திருக்க வேண்டும். எம்மா கூறிய காரணங்களுள் இன்னொன்றும் இருந்தது. முட்டையைப் பற்றிப் பேசிய அதே மூச்சில், கணவரைப் பிரிந்து தனியாக வாழ்ந்ததையும் தம் நீண்ட ஆயுளுக்குக் காரணமாக அவர் குறிப்பிட்டார். செய்தியாளர்கள் சிலர் அதனை வேடிக்கைப் பேச்சாக எழுதினர். அவர் பட்ட துன்பத்தை அறிந்தவர்களுக்கு அது வேடிக்கையாகத் தோன்றாது. துன்புறுத்தல் நிறைந்த வீட்டிலிருந்து விடுபட்ட ஒருவர், தமக்கு உயிர் மீண்டது என்று சொல்வதில் பொருள் இருக்கிறது.

இறுதி நாள்கள்

எம்மா தம் முதுமையையும் தம் விருப்பப்படியே வாழ்ந்தார். இரண்டு அறைகள் கொண்ட சிறிய வீடுதான் அவருடைய உலகம். இறுதி ஆண்டுகளில் அவர் அவ்வீட்டை விட்டு வெளியே செல்லவில்லை. மருத்துவமனைக்குச் செல்வதையும் அவர் விரும்பியதில்லை. நூறு வயதைக் கடந்த பிறகும் பல ஆண்டுகள் தம் வேலைகளைத் தாமே செய்துகொண்டார். முழுநேர உதவியாளரை அவர் ஏற்றுக்கொண்டது ஏறத்தாழ 115 வயதில்தான். உறவினர்களும் அண்டை வீட்டாரும் மருத்துவரும் அவரை அடிக்கடி வந்து பார்த்துக்கொண்டனர். தனியாக வாழ்ந்தாரே தவிர, அவர் கைவிடப்பட்டவராக இருக்கவில்லை.

2011ஆம் ஆண்டில் இத்தாலியக் குடியரசு அவருக்கு வீரர் நிலை விருதை வழங்கிச் சிறப்பித்தது. 2016ஆம் ஆண்டு நவம்பரில் அவருடைய 117ஆம் பிறந்தநாளை ஊரே கொண்டாடியது. அவருடைய வாழ்நாளில் மூன்று மன்னர்களும் பன்னிரண்டு குடியரசுத் தலைவர்களும் இத்தாலியின் தலைமைப் பொறுப்பில் இருந்துள்ளனர். இரண்டு உலகப் போர்களும் நிகழ்ந்து முடிந்தன. குதிரை வண்டிகள் ஓடிய தெருக்களில் மகிழுந்துகள் நிறைந்தன.

2017ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், தம் சொந்த வீட்டிலேயே எம்மா அமைதியாகக் கண்மூடினார். அவருக்குப் பின் உலகின் மிக மூத்தவராக இருந்த ஜமைக்கா நாட்டின் வயலட் பிரவுன், 1900ஆம் ஆண்டில் பிறந்தவர்.

எம்மா மொரானோ நாட்டை ஆண்டவர் அல்லர். நூல் எழுதியவர் அல்லர். புதியது எதையும் கண்டுபிடித்தவரும் அல்லர். சணல் சாக்குத் தைத்தும் சமையல் செய்தும் வாழ்ந்த ஓர் எளிய பெண்மணி. நூற்றுப் பதினேழு வயது என்பது அவருக்கு இயற்கை அளித்த கொடை. அந்த நெடிய வாழ்வில் மணவாழ்க்கையின் துன்பம் பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. அதிலிருந்து விடுபட்ட பிறகு, ஏறத்தாழ எழுபத்தொன்பது ஆண்டுகள் அவர் அச்சமின்றித் தம் வீட்டில் தாமே தலைவியாக வாழ்ந்தார். அந்த எழுபத்தொன்பது ஆண்டுகள் அவர் துணிந்து பெற்றுக்கொண்டவை.